பட்டியலில் ஏறிய பின்

ஹம்பி 1986-இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. ஆனால் அந்தப் பட்டத்தின் பலம் தெரிந்தது 1999-இல்தான். துங்கபத்திரையின் குறுக்கே ஆனேகுந்திக்குப் பாலம் எழும்பிக்கொண்டிருந்தபோது, யுனெஸ்கோ ஹம்பியை அபாயப் பட்டியலில் சேர்த்தது. அதன் பிறகே, 2002-இல், கர்நாடக அரசு ஹம்பிக்கெனத் தனிச் சட்டம் இயற்றி மேலாண்மை ஆணையத்தை அமைத்தது. 2006-இல் ஹம்பி அபாயப் பட்டியலிலிருந்து மீண்டது.

யுனெஸ்கோவிடம் காவல்படை கிடையாது, நிதியும் சொற்பம். பெயரை நீக்கிவிடுவோம் என்ற மிரட்டல் ஒன்றுதான் அதன் கையிலிருக்கும் பிரம்பு. அதற்கு அரசு அஞ்சும்வரைதான் பட்டத்தால் பயன். ஜெர்மனியின் டிரெஸ்டன் அஞ்சவில்லை. எல்பே ஆற்றுப் பள்ளத்தாக்கு 2004-இல் பட்டியலில் ஏறியது. மறு ஆண்டே நகரத்தார் பொதுவாக்கெடுப்பில் புதுப் பாலம் வேண்டும் என்றார்கள். 2009-இல் பெயர் நீங்கியது, 2013-இல் பாலம் திறந்தது. ஊர்க்காரர்கள் அறிந்தே எடுத்த முடிவு. அதைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. (அதே 2009 ஜனவரியில் ஆனேகுந்திப் பாலம் கட்டும்போதே சரிந்து தொழிலாளர்களைப் பலிகொண்டது. அக்கரைக்குப் பரிசல்தான் கதி என்றானது.)

டிரெஸ்டனில் ஊரைக் கேட்டார்கள். ஹம்பியில்? விருபாட்சர் கோயிலுக்கு நேரெதிரே அகன்ற தேர்வீதி. இருமருங்கும் விஜயநகரக் காலக் கல்மண்டபங்கள். தூண்களுக்கிடையே சுவர் எழுப்பிக் குடும்பங்கள் வாழ்ந்தன. முன்புறம் பூசைச் சாமான் கடை, டீக்கடை, சாப்பாட்டுக் கடை. 2011 ஜூலையில் புல்டோசர்கள் வந்தன. 300-க்கும் மேற்பட்ட குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. சட்டத்தின் கண்ணில் அவர்கள் ஆக்கிரமிப்பாளர்கள், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் 1520 வாக்கில் வந்த போர்த்துகீசியர் டொமிங்கோ பயஸ் வியந்து எழுதியது இந்நகரின் கடைத்தெருக்களையும்தான். வணிகத்துக்கென எழுந்த வீதியில் வணிகரை விரட்டிவிட்டு, வெறும் தூண்களை மட்டும் காப்பது அரைகுறைப் பாதுகாப்பு. அந்தக் குடும்பங்களை வெளியேற்றச் சொல்லி யுனெஸ்கோ ஆணையிடவில்லை. பட்டத்தைக் காட்டி அதிகாரிகள் செய்த காரியம் அது. கல்லுக்குக் கிடைத்த காவல், அதன் நிழலில் பிழைத்தவர்களுக்குக் கிடைக்கவில்லை என்பதே என் முடிவு.

2025 ஜூலையில் மராத்தியர் கோட்டைத் தொகுதியில் ஒன்றாக நம் செஞ்சியும் பட்டியலில் ஏறிவிட்டது. கோட்டையைச் சுற்றி வீடும் வயலும் கடையும் வைத்திருப்போரை உட்காரவைத்துப் பேசி, அவர்கள் சம்மதத்தோடு மேலாண்மைத் திட்டத்தைத் தமிழில் வெளியிட அரசு முன்வரவேண்டும். அளவு நாடாவோடு ஆள் வருவதற்கு முன்பே அது நடக்கட்டும்.