லெவல் வெல்லுமா, திறமை வெல்லுமா?

உத்திரமேரூர்ப் பக்கத்துப் பையன்கள் பள்ளி விட்டு வரும்போது பேசிக்கொள்வதைக் கேட்டுப் பாருங்கள். இணையத்தில் விமானச் சண்டை விளையாட்டு ஆடித் தோற்ற ஒருவன் நிச்சயம் இருப்பான். அவன் சொல்லும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: “அவன் லெவல் பெரிசுடா!” இது வெறும் சாக்கா, உண்மையா? இதைச் சற்று ஆராய்வோம்.

முதலில் நிஜமான வானத்தைப் பார்ப்போம். 1965 செப்டம்பர் 7ஆம் நாள் இந்திய விமானப் படையின் மிஸ்டியர் விமானங்கள் பாகிஸ்தானின் சர்கோதா தளத்தைத் தாக்கின. அவற்றை எதிர்த்து வந்தது அமெரிக்கத் தயாரிப்பான ஸ்டார்ஃபைட்டர். அது ஒலியைப் போல் இரு மடங்கு வேகம் செல்லவல்லது. மிஸ்டியரோ மட்டமாகப் பறக்கும்போது ஒலியின் வேகத்தையே எட்டாதது. விளையாட்டுக்காரர் மொழியில் சொன்னால், பல லெவல் கீழே! ஆயினும் குடகு நாட்டைச் சேர்ந்த ஸ்குவாட்ரன் லீடர் அஜ்ஜமாட தேவய்யா தப்பியோடாமல் எதிர்த்து நின்றார். ஸ்டார்ஃபைட்டரின் இறக்கை மிகச் சிறியது. நேர்கோட்டில் அது அம்பு. வளைந்து திரும்புவதிலோ மந்தம். சுழன்று நடந்த சண்டையில் அது வீழ்ந்தது. அதன் விமானி பாராசூட்டில் குதித்துத் தப்பினார். தேவய்யா திரும்பி வரவில்லை. நடந்தது இந்தியாவில் பல ஆண்டுகள் கழித்தே தெரிய வந்தது. 1988இல் அவருக்கு மகாவீர சக்கரம் அளிக்கப்பட்டது.

ஒரு சண்டையை வைத்து விதி வகுத்துவிட முடியாது என்று நீங்கள் கூறலாம். சரிதான். ஆகவே இன்னொன்றையும் கேளுங்கள். வியட்நாம் போரில் அமெரிக்கக் கடற்படை தன் விமானம் ஒன்றை இழக்கும்போது எதிரியின் விமானம் இரண்டு அல்லது மூன்றைத்தான் வீழ்த்தி வந்தது. 1969இல் மிராமர் என்னுமிடத்தில் விமானச் சண்டையைக் கற்பிக்கவே ஒரு பள்ளி தொடங்கினார்கள். பின்னர் இந்த விகிதம் ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற அளவுக்கு உயர்ந்தது. அதே காலத்தில் கருவிகளைத் திருத்துவதையே பெரிதும் நம்பிய அமெரிக்க விமானப் படையின் விகிதம் அவ்வளவாக உயரவில்லை. நம் தாம்பரத்தில் விமானிகளுக்குக் கற்பிக்கும் ஆசிரியர்களை உருவாக்கவென்றே ஒரு பள்ளி இருப்பதன் பொருள் இப்போது விளங்கும்.

அப்படியானால் லெவலுக்கு மதிப்பே இல்லையா? உண்டு, அதை இயற்பியல் சொல்லும். விமானச் சண்டையில் உயரம் என்பது சேமித்து வைத்த பணம். மணிக்கு 360 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் விமானம் 1000 மீட்டர் கீழே பாய்ந்தால், காற்றின் தடையையும் எஞ்சினின் விசையையும் விட்டுக் கணக்கிட்டால், வேகம் ஏறத்தாழ 620 கிலோமீட்டர் ஆகும். நிலை ஆற்றல் இயக்க ஆற்றலாக மாறுகிறது, அவ்வளவே. வலிய எஞ்சின் உள்ளவன் விரைவில் மேலே ஏறுகிறான். ஏறியவன் விரும்பும்போது பாய்கிறான், விரும்பாதபோது விலகுகிறான். லெவல் தருவது இந்த வசதியைத்தான். ஆனால் சண்டை தொடங்குமுன்பே ஒதுங்கிச் சென்று பொறுமையாக ஏறி வருபவனும் அதே உயரத்தை அடையலாம். புதியவர்கள் இதைச் செய்வதில்லை. எதிரியைக் கண்டவுடன் மூக்கைத் திருப்பிக்கொண்டு ஓடுகிறார்கள்!

இனி விளையாட்டுகளின் கதைக்கு வருவோம். 1980களின் பிற்பகுதியில் கெஸ்மாய் என்ற அமெரிக்க நிறுவனம் ‘ஏர் வாரியர்’ என்னும் விளையாட்டைத் தொலைபேசிக் கம்பி வழியே நடத்தியது. மணிக்கணக்கில் கட்டணம், எனவே பணம் இல்லாதவன் நுழையவே முடியாது. பிற்காலத்தில் நுழைவு இலவசமாயிற்று. 2012இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட ‘வார் தண்டர்’ போன்றவற்றில் காசின்றி ஆடலாம். ஆனால் ஆட ஆடத்தான் நல்ல எஞ்சினும் நல்ல துப்பாக்கியும் திறக்கும். விமானியின் தாங்கும் சக்தி கூடப் புள்ளிகளால் வளரும். காசு கொடுத்தால் இவ்வளர்ச்சி விரைவுபடும். முன்பு வாசலில் கேட்ட கட்டணத்தை இப்போது உள்ளே கேட்கிறார்கள் என்பது என் எண்ணம். இதைச் சரிக்கட்ட விமானங்களுக்கு எண் தந்து, நெருங்கிய எண்ணுள்ளவற்றை மோத விடுகிறார்கள். அந்த எண் அவ்விமானத்தை ஓட்டியவர்களின் வெற்றி தோல்வியைப் பார்த்து இடப்படுவது. கற்றுக்குட்டிகள் அதிகம் ஓட்டும் நல்ல விமானத்துக்குக் குறைந்த எண் கிடைத்துவிடும். கூர்ந்து பார்ப்பவன் அதைத் தேடிப் பிடிக்கிறான்!

சேர்த்து வைத்தது எவ்வளவு செல்லுபடியாக வேண்டும் என்ற இந்தக் கேள்வி விளையாட்டுக்காரர்களுக்கு மட்டும் உரியதன்று. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் அதற்கு விடை எழுதி வைத்த சுவர் ஒன்று உத்திரமேரூரின் நடுவிலேயே நிற்கிறது. வைகுண்டப் பெருமாள் கோயிலில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில், பொறித்த கல்வெட்டுகளைத்தான் சொல்கிறேன். குடவோலையில் பெயர் இட வேண்டுமானால் கால்வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலமும் சொந்த மனையில் வீடும் வேண்டும். வேதம் கற்றிருக்க வேண்டும்; வயது 35க்கு மேல், 70க்குக் கீழ். ஆனால் ஒரு விலக்கு உண்டு. ஒரு வேதமும் ஒரு பாடியமும் முறையாகக் கற்றவனுக்கு அரைக்கால் வேலி போதும். அதாவது கல்வி பாதி நிலத்துக்கு ஈடு! மேலும், முந்தைய மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் பெயர் குடத்தில் விழாது. கணக்குக் காட்டாதவரும் அவர் உறவினரும் விலக்கப்பட்டனர். பதவியால் சேர்ந்த லெவலை இப்படி அவ்வப்போது கழித்துவிட்டார்கள். நிலத்தால் சேர்ந்ததைக் கழிக்கவில்லை. உழுதவர்க்கும் பெண்களுக்கும் அந்தக் குடத்தில் ஓலை இல்லை என்பதையும் மறந்துவிடக் கூடாது.

உங்கள் தோல்விக்குக் காரணம் எது என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. நண்பர் ஒருவரோடு பத்து ஆட்டம் ஆடுங்கள். பிறகு இருவரும் விமானத்தை மாற்றிக்கொண்டு இன்னும் பத்து ஆட்டம் ஆடுங்கள். வெற்றி விமானத்தோடு இடம் மாறினால் காரணம் லெவல்; ஆளோடு தங்கினால் திறமை. முடிவை நோட்டில் குறித்து வையுங்கள். இருபது ஆட்டம் போதாதென்று தோன்றினால் நாற்பது ஆடுங்கள், வீட்டுப்பாடம் முடிந்த பிறகு!