காசநோய் ஆய்வக அறிக்கை: ‘நெகட்டிவ்’ என்றால் நோய் இல்லை என்று பொருளா?

புதுதில்லி: உலகில் ஆண்டுதோறும் காசநோய்க்கு ஆளாவோரில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் இந்தியாவைச் சேர்ந்தவர். இந்நோயைக் கண்டறியச் செய்யப்படும் சோதனைகள் பலவகை. எனினும் பெரும்பாலான அறிக்கைகளில் ‘பாசிட்டிவ்’, ‘நெகட்டிவ்’ என்ற இரு சொற்களே முடிவாக இடம்பெறுகின்றன. ஒரு சோதனையில் ‘நெகட்டிவ்’ என்பதற்குரிய பொருள் மற்றொரு சோதனையில் மாறிவிடுகிறது. இதை அறியாமல் நோயாளி நிம்மதியுடன் வீடு திரும்பினால் சிகிச்சை தள்ளிப்போவதுடன், அவரோடு ஒரே அறையில் உறங்குவோருக்கும் கிருமி பரவக்கூடும்.

காசநோயின் நோய்க்கிருமி மைக்கோபாக்டீரியம் டியூபர்குலோசிஸ் என்னும் கோல் வடிவ பாக்டீரியா ஆகும். ஜெர்மானிய மருத்துவர் ராபர்ட் கோக் இதனைக் கண்டறிந்த செய்தியை 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் அறிவித்தார். அந்த நாளே உலகக் காசநோய் தினமாக அனுசரிக்கப்படுகிறது.

தொற்றும் நோயும்

செய்திகளிலும் பேச்சிலும் ‘தொற்று’, ‘நோய்’ ஆகிய சொற்கள் ஒன்றுக்கு மற்றொன்றாகக் கையாளப்படுகின்றன. காசநோயைப் பொறுத்தவரை இது பிழையாகும். கிருமி உடலுக்குள் புகுந்தும், நோய் எதிர்ப்பாற்றல் அதனை அடக்கி வைத்திருக்கும் நிலை உள்ளுறை தொற்று எனப்படும். அந்நிலையில் இருப்பவருக்கு இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை. அவரிடமிருந்து பிறருக்குப் பரவுவதும் இல்லை. கிருமி பெருகி உறுப்புகளைச் சிதைக்கத் தொடங்கும்போதே அது நோயாகிறது. தொற்றுக்கு உள்ளானவர்களில் 5 முதல் 10 சதவீதத்தினர் மட்டுமே தம் வாழ்நாளில் நோயாளிகளாகின்றனர்.

முன்கைத் தோலில் டியூபர்குலின் செலுத்தி 48 முதல் 72 மணி நேரத்திற்குள் பார்க்கப்படும் மாண்டூ சோதனை, உடல் இக்கிருமியை எதிர்கொண்டுள்ளதா என்பதை மட்டுமே சொல்லும். அளக்கப்பட வேண்டியது தோலின் தடிப்பு. சிவப்பு நிறத்தை அளப்பதில்லை. பி.சி.ஜி. தடுப்பூசி பெற்றவர்களுக்கும் ‘பாசிட்டிவ்’ வரலாம். கடும் ஊட்டச்சத்துக் குறைபாடோ எச்.ஐ.வி. பாதிப்போ உள்ளவர்களுக்கு நோய் இருந்தும் ‘நெகட்டிவ்’ வரலாம். இக்ரா எனப்படும் இரத்தச் சோதனை பி.சி.ஜி. தடுப்பூசியால் குழம்புவதில்லை, எனினும் அதனாலும் தொற்றையும் நோயையும் பிரித்துக் காட்ட இயலாது.

இரத்தத்தில் காசநோய் எதிர்ப்புப் பொருள்களைத் தேடும் சீராலஜி சோதனைகள் ஒரு காலத்தில் நாடெங்கும் தாராளமாக விற்பனையாயின. நோயற்றவர்களுக்கு ‘பாசிட்டிவ்’, நோயாளிகளுக்கு ‘நெகட்டிவ்’ என அவை தவறான முடிவுகளைத் தந்ததால், அவற்றின் இறக்குமதி, தயாரிப்பு, விற்பனை அனைத்தையும் மத்திய அரசு 2012 ஜூன் மாதம் தடை செய்தது.

சளிப் பரிசோதனை

சளியைக் கண்ணாடி வில்லையில் தடவிச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்ப்பது பழமையான முறை. இக்கிருமியின் மேலுறையில் மெழுகு போன்ற கொழுப்பு மிகுதி. எனவே ஏற்றிய சிவப்புச் சாயத்தை அமிலம் ஊற்றிக் கழுவினாலும் அது நீங்குவதில்லை. நீலப் பின்னணியில் சிவந்த சிறு கோல்கள் தெரியும். அறிக்கையில் காணப்படும் ‘ஏ.எஃப்.பி.’ என்ற எழுத்துகள் அமிலம் தாங்கும் நுண்கோல் என்பதையே குறிக்கின்றன. அதனருகே 1, 2, 3 என்ற எண்ணுடன் வரும் பிளஸ் குறி கிருமிகளின் அடர்த்தியைக் காட்டும். எண் உயர உயரப் பிறருக்குப் பரவும் வாய்ப்பும் உயரும்.

இம்முறையின் குறை அதன் பார்வைத் திறனில் உள்ளது. ஒரு மில்லி லிட்டர் சளியில் ஏறத்தாழ 5,000 முதல் 10,000 கிருமிகளாவது இருந்தால்தான் நுண்ணோக்கியில் அவை அகப்படும். ஆகவே இங்கு ‘நெகட்டிவ்’ என்பதற்கு ‘கண்ணில் படவில்லை’ என்பதே சரியான பொருள். நோயாளி சளிக்குப் பதிலாக எச்சிலைத் துப்பிக் கொடுத்திருந்தாலும் இதே முடிவுதான் வரும். ஆழ்ந்து மூச்சிழுத்து, நெஞ்சிலிருந்து இருமி எடுக்கப்படும் சளியே சோதனைக்கு உரியது. நிணநீர்க் கணு, முதுகெலும்பு, மூளை உறை ஆகியவற்றில் காசநோய் உள்ளவர்களின் சளியில் கிருமி இல்லாமலே போகலாம். சிறு குழந்தைகளோ சளியைத் துப்பாமல் விழுங்கிவிடுகின்றனர்.

கல்ச்சர் எனப்படும் வளர்ப்புச் சோதனை இதைவிடப் பன்மடங்கு நுட்பமானது. ஒரு மில்லி லிட்டரில் 10 முதல் 100 உயிருள்ள கிருமிகள் இருந்தாலே போதும். ஆனால் காலம் பிடிக்கும். ஈ.கோலை பாக்டீரியா சுமார் 20 நிமிடத்தில் இரண்டாகிறது. காசநோய்க் கிருமிக்கு ஏறத்தாழ 20 மணி நேரம் தேவை. எனவே முட்டை கலந்த திட ஊடகத்தில் 8 வாரங்களும், திரவ ஊடகத்தில் 6 வாரங்களும் காத்திருந்த பின்னரே ‘வளர்ச்சி இல்லை’ என்று எழுதப்படும். ‘மாசுபட்டது’ என்று வந்தால் வேறு கிருமிகள் கலந்துவிட்டன என்று பொருள். அதனை ‘நெகட்டிவ்’ எனக் கொள்ளாமல் மீண்டும் மாதிரி அளிக்க வேண்டும்.

மரபணுச் சோதனை

சிபிநாட், ட்ரூநாட் ஆகியவை கிருமியின் டி.என்.ஏ.வைப் பலமடங்காகப் பெருக்கிக் கண்டறிபவை. சிபிநாட் சோதனையின் முடிவு சுமார் இரண்டு மணி நேரத்தில் கிடைக்கும். ட்ரூநாட் கருவி மின்கலத்தில் இயங்குவதால் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் ஏற்றது.

இறந்த கிருமியின் டி.என்.ஏ.வையும் இச்சோதனைகள் காட்டிவிடும். அதனால் சிகிச்சை முடித்து நலம் பெற்றவருக்கும் சில காலம் ‘பாசிட்டிவ்’ வரக்கூடும். மருந்து பலிக்கிறதா என்பதை அறிய மருத்துவர்கள் பழைய நுண்ணோக்கிச் சோதனையையும் வளர்ப்புச் சோதனையையும் நாடுவதற்கு இதுவே காரணம்.

மருந்து எதிர்ப்பு குறித்த வரியையும் கவனித்துப் படிக்க வேண்டும். வழக்கமான சிபிநாட் சோதனை ரிபாம்பிசின் என்ற ஒரே மருந்தைப் பற்றித்தான் கூறும். ‘எதிர்ப்பு இல்லை’ என்ற சொற்கள் மற்றொரு முதன்மை மருந்தான ஐசோநியாசிட்டுக்குப் பொருந்தா, அதற்கு எல்.பி.ஏ. போன்ற தனிச் சோதனை தேவை. இவ்விரு மருந்துகளுக்குமே கிருமி கட்டுப்படாத நிலைதான் பன்மருந்து எதிர்ப்புக் காசநோய். ‘ரிபாம்பிசின்: தீர்மானிக்க இயலவில்லை’ என்று அறிக்கையில் இருந்தால், கிருமி இருப்பது உறுதி, எதிர்ப்பு மட்டும் தெளிவாகவில்லை என்பதே அதன் பொருள். அந்நிலையில் புதிய சளி மாதிரி கொடுத்துச் சோதனையை மீண்டும் செய்துகொள்ள வேண்டும்.