மகட்பாற் காஞ்சியும் தஞ்சை அரசகுமாரியும்

மதுரைச் சித்திரைத் திருவிழாவைப் பற்றி நம் சங்கத்து அன்பர்களுக்கு யாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. எட்டாம் நாள் அங்கயற்கண்ணம்மைக்கு முடிசூட்டு. ஒன்பதாம் நாள் திக்குவிசயம். பத்தாம் நாள் திருமணம். இவ்வரிசையை ஊன்றி நோக்குவார் ஒன்று காண்பர். பாண்டியன் மகளாகிய தடாதகைப் பிராட்டியார் முதற்கண் அரசேற்கின்றார். பின்னர்ப் போருக்கு எழுகின்றார். அதன் பின்னரே மணம். அன்னை காஞ்சனமாலை மகளின் மணங்குறித்துக் கவன்றாராயினும், மணமகனைக் கண்டு தெளிந்தவர் பிராட்டியாரே. கண்டு தெளிதல் முன், சுற்றத்தார் கூடி முடித்தல் பின். களவும் கற்பும் எனத் தொல்காப்பியனார் வகுத்த முறையும் ஏறக்குறைய இதுவேயன்றோ?

ஆயின் பழந்தமிழ் நூல்களில் இதற்கு மாறான செய்தியும் உண்டு. வேந்தனொருவன் படையொடு வந்து மகளை வேண்டுதலும், முதுகுடித் தந்தை அஞ்சி மறுத்தலும், அதனாற் போர் மூளுதலுமாகிய நிகழ்ச்சியை மகட்பாற் காஞ்சி என்பர் புலவர். புறநானூற்றில் இத்துறைப் பாட்டுக்கள் பல உள. வேந்தன் சினம் அவற்றிற் பேசப்படும். தந்தையின் தறுகண்மை பேசப்படும். ஊர் பாழாகுமே என்னும் இரக்கமும் பேசப்படும். அப்பெண் யாது நினைந்தாள் என்பதற்கு மட்டும் அங்கே இடமில்லை. மாணாக்கர்க்கு இவற்றைப் பாடஞ்சொல்லுந்தோறும் எம் மனத்தை உறுத்துவது இதுவே.

இத்துறைக்கு இலக்கியம் போன்றதொரு மெய்ந்நிகழ்ச்சி மதுரை நாயக்கர் சரித்திரத்தில் உளது. திருமலை நாயக்கரின் பேரராகிய சொக்கநாத நாயக்கர் 1659-இல் பட்டமெய்தினர். அக்காலத்தே தஞ்சையை ஆண்டவர் விசயராகவ நாயக்கர். இரு குடியும் விசயநகரப் பேரரசின்கீழ்த் தோன்றி வளர்ந்தவை. எனினும் இடையே பகை நெடுநாளாக இருந்தது. விசயராகவரின் மகளைத் தமக்கு மணஞ்செய்து தரும்படி சொக்கநாதர் கேட்டனர், தந்தை மறுத்தனர். 1673-இல் தளவாய் வேங்கடகிருஷ்ணப்ப நாயக்கர் தலைமையில் மதுரைப் படை தஞ்சைமேற் சென்றது. கோட்டை வீழும் நிலையெய்தவே, முதுமையுற்றிருந்த விசயராகவர், அந்தப்புரத்து மகளிர் பகைவர் கைப்படாவண்ணம் அம்மாளிகையை வெடிமருந்திட்டுத் தகர்க்குமாறு தம் மைந்தர்க்கு ஆணையிட்டனர். அவ்வாறே நிகழ்ந்தது. அரசகுமாரியும் ஏனை மகளிரும் மாண்டனர். அரசரும் மைந்தரும் வாளேந்திக் களத்தில் வீழ்ந்தனர்.

இதனை மானம் காத்த செயலென்று போற்றுவாருளர். யாம் அவரொடு உடன்படேம். வாளேந்திக் களம்பட்டது மானமே. அஃது அரசர் தாமே விரும்பி ஏற்ற முடிவு. மாளிகைக்குள் இருந்தோர்க்கு அவ்விருப்பம் வைக்கப்படவில்லை. தூது வந்த நாளில் பெண்ணை வினவினாரில்லை. வெடிமருந்து இட்ட நாளிலும் வினவினாரில்லை. கேட்டவர்க்கும் மறுத்தவர்க்கும் அவள் ஒரு கோட்டையினும் வேறாகத் தோன்றவில்லை போலும். நம் குடும்பங்களில் அரசுமில்லை, கோட்டையுமில்லை. ஆயினும் நஞ்சையும் பாகவழக்கும் பழம்பகையும் கருதிப் பெண் கொள்வதும் மறுப்பதும் நாம் அறியாதனவல்ல. கூடத்தில் பெரியோர் வெற்றிலை மாற்றுங்கால் அடுக்களையில் நிற்கும் மகளை ஒரு சொல் கேட்டால் குலப்பெருமை குன்றிவிடுமோ?

இச்சரித்திரத்தில் வேறொரு பெண்மணியும் உளர். சொக்கநாதரின் மனைவியாராகிய மங்கம்மாள் அரசகுலத்தவரல்லர். லிங்கம நாயக்கர் என்னும் தளபதியின் மகள். கணவரும் மைந்தரும் இறந்தபின், பேரனுக்காக 1689 முதல் 1706 வரை நாட்டை ஆண்டு, சாலையும் சத்திரமும் அமைத்தவர் இவரே. மதுரைப் புகைவண்டி நிலையத்தெதிரே அவர் பெயரால் விளங்கும் சத்திரத்தை நம்மவர் பலர் கண்டிருப்பர்.

தஞ்சையின் பிற்செய்தி சுருக்கமானது. சொக்கநாதர் தம்மோடு பாலுண்டு வளர்ந்த அழகிரி நாயக்கரை அங்கே ஆளவைத்தார். அவரோ சின்னாளில் மதுரைக்கு அடங்காராயினர். இதற்கிடையே, அழிந்த அரண்மனையினின்று செவிலி ஒருத்தியால் நாகப்பட்டினத்திற்குக் கொண்டுசெல்லப்பெற்ற செங்கமலதாசர் என்னும் ஆண்மகவு அங்கொரு வணிகர் வீட்டில் வளர்ந்துவந்தது. அம்மகவுக்கு ஒரு வழி காணப்பட்டதாயின், அரசகுமாரிக்கும் காணப்பட்டிருக்கலாமே என்று யாம் நினைப்பதுண்டு. செங்கமலதாசர்க்காக விசயபுரத்துச் சுல்தான் அனுப்பிய ஏகோஜி அழகிரியைத் துரத்திவிட்டுச் சிறிது காலத்தில் தஞ்சையைத் தாமே கைக்கொண்டார். அவர் வழியினர் 1855 வரை அங்கே அரசிருந்தனர்.