ஒரு பன்ரமும் இரண்டு ஸ்ரீயும்

அப்பப்பாவின் மோட்டார் சைக்கிளை மாட்டுக்கொட்டில் பத்திக்குள் இருந்து வெளியில இழுத்தபோது ரயர் இரண்டும் உக்கிப் போயிருந்தது, செயின் இல்லை, சீற்றுக்குள் எலி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. நாங்கள் மூன்று பேர், ஒரே அப்பப்பாவின் பேரப்பிள்ளைகள். லண்டனில் இருக்கிற சித்தப்பா காசும் சாமானும் அனுப்புவதாகச் சொன்னார். அவருக்கு ஒரே ஒரு நிபந்தனைதான்: "ஒறிஜினல் மாதிரியே இருக்கோணும்." எது ஒறிஜினல் என்று கேட்கவேண்டும் என்று அன்றைக்கு எங்களுக்குத் தோன்றவில்லை.

வண்டி பி.எஸ்.ஏ. பன்ரம் டி1. பி.எஸ்.ஏ. என்றால் பேர்மிங்ஹாம் சிறு ஆயுதக் கம்பனி. 1861 இல் துப்பாக்கி செய்கிறவர்கள் சேர்ந்து தொடங்கியது. சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் பிறகு வந்தவை. பன்ரம் 1948 இல் வந்தது. 123 சிசி, இரண்டடி என்ஜின், மூன்று கியர். இங்கிலாந்தில் தந்திப் பெடியள் இதில்தான் ஓடித் திரிந்தார்கள். ஆனால் இந்த "பிரிட்டிஷ்" வண்டியின் வடிவமைப்பு பிரிட்டிஷ்காரருடையது இல்லை. இரண்டாம் உலகப் போரில் தோற்ற ஜேர்மனியிடம் இருந்து நட்டஈடாக எடுத்த டி.கே.டபிள்யூ. ஆர்.ரி.125 இன் வரைபடத்தைக் கண்ணாடியில் பார்த்த மாதிரி இடம்வலம் மாற்றிச் செய்ததுதான் பன்ரம். அமெரிக்காவில் ஹார்லியும், சோவியத்தில் மொஸ்க்வாவும், 1955 இல் யமஹாவின் முதல் மோட்டார் சைக்கிளும் அதே ஜேர்மன் வண்டியின் பிள்ளைகள். ஒறிஜினல் என்ற சொல் இங்கேயே ஆடத் தொடங்கிவிட்டது.

பன்ரம் என்றால் குட்டைக் கோழி இனம். தாங்கியில் ஒரு சேவல் படம் இருந்ததாம். ஊரில் இதற்குப் பெயரே "சேவல்".

அப்பப்பா இதை 1973 இல் இரண்டாம் கையாக வாங்கினார். அந்த வருசம் முக்கியம். 1970 இல் வந்த சிறிமாவோ அரசாங்கம் இறக்குமதியை இறுக்கிப் பிடித்தது. கொழும்பில் பாணுக்கு வரிசை நின்ற காலம். ஆனால் வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் வராததால் யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரரின் கையில் முதல் தடவையாகக் கொஞ்சம் காசு புரண்டது. காசு இருந்தது, வாங்கப் புது மோட்டார் சைக்கிள் இல்லை. அதனால்தான் உரும்பிராய்ச் செம்மண்ணில் வெங்காயம் வைத்த ஒரு மனிசன், கச்சேரியில் வேலை பார்த்த கிளாக்கர் ஒருவரிடம் போய் பதினாறு வருசப் பழசான இங்கிலீஷ் வண்டியை வாங்கினார். தாங்கிக்கு மேல் ஒரு வெங்காய மூட்டை, பின்னால் ஒன்று, சுன்னாகம் சந்தைக்கு. நல்லூர்த் திருவிழாவுக்கு அதே பின்சீற்றில் அப்பம்மா ஒருபக்கமாக இருந்து போனார். "மூட்டையை இறுக்கிக் கட்டுவார், என்னை மட்டும் இறுக்கிப் பிடி எண்டு சொல்லுவார்" என்று இப்பவும் சிரிப்பார்.

1977 இல் கதவு திறந்தது. ஹொண்டாக்கள் வந்தன, சேவல் பத்திக்குள் போனது. அதைத் திரும்ப வெளியில் கொண்டுவந்தது சண்டை. 1990 க்குப் பிறகு வடக்குக்கு பெற்றோல் வரவில்லை. எல்லாரையும் போல அப்பப்பாவும் மண்ணெண்ணெய்க்கு மாறினார். குளிர்ந்த என்ஜின் மண்ணெண்ணெயில் பிடிக்காது. ஹாண்டிலில் சின்னச் சூப்பிப் போத்தல் ஒன்று தொங்கும், அதில் இருந்து காபரேற்றருக்குள் நாலு துளி பெற்றோல் விட்டு உதைக்கவேண்டும். பிடித்துவிட்டால் ஒரு ஒழுங்கை முழுக்க வெள்ளைப் புகை. அப்பா பள்ளிக்கூட வயதில் வண்டி ஓடப் பழகியது அந்தப் புகைக்குள்தான். 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுக்க எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது சேவலை விறகுக்குள் மறைத்துவிட்டுப் போனார்கள். 1996 இல் திரும்பி வந்தபோது அது இருந்தது, வீட்டுக் கூரைதான் இல்லை.

கழற்றத் தொடங்கியபோது எங்கள் கராஜ் அண்ணையின் மில்லிமீற்றர் ஸ்பானர் ஒன்றும் இதற்குப் பொருந்தவில்லை. பழைய இங்கிலீஷ் அளவு வேறு. உள்ளே பார்த்தால் காபரேற்றர் ஏதோ ஹொண்டாவினது. பித்தளைப் புஷ் ஒன்று லேத்தில் கடைந்தது. கால்மிதியில் லொறி ரயர் றப்பர். சித்தப்பா அனுப்பிய பெட்டியில் இவை எல்லாவற்றுக்கும் பதிலாகப் பளபளவென்று புதுச் சாமான். மாற்றினோம். மாற்றும்போது ஒரு மாதிரித்தான் இருந்தது, ஆனால் மாற்றினோம்.

பிறகு பின்பக்க நம்பர் தகடு. அரத்தாளால் தேய்த்துக்கொண்டு போனபோது சிங்கள ஸ்ரீக்குக் கீழே இன்னொரு எழுத்து தெரிந்தது. தமிழ் ஸ்ரீ. அதோடு தேய்க்கிறதை விட்டுவிட்டோம்.

இதைப் பாடத்தில் படித்திருக்கிறோம். 1957 ஜனவரியில் இருந்து வாகனத் தகடுகளில் ஆங்கில எழுத்துக்குப் பதிலாகச் சிங்கள ஸ்ரீ வந்தது. தமிழரசுக் கட்சி எதிர்த்தது. ஆட்கள் தங்கள் வாகனங்களில் தமிழ் ஸ்ரீயை எழுதி ஓடினார்கள். அந்த ஜூலையில் பண்டா செல்வா ஒப்பந்தம் வந்ததும் போராட்டம் அடங்கியது. 1958 மார்ச்சில் புதிதாகத் தேசியமயமாக்கிய பஸ்கள் சிங்கள ஸ்ரீயோடு வடக்குக்கு வந்தபோது மறுபடி வெடித்தது. தெற்கில் தமிழ்ப் பெயர்ப்பலகைகளுக்குத் தார் பூசினார்கள். ஏப்ரலில் ஒப்பந்தம் கிழிந்தது. மே மாதம் கலவரம். ஒரு எழுத்தில் தொடங்கி எங்கே போய் நின்றது என்று பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறோம். அதே எழுத்து எங்கள் வீட்டுப் பத்திக்குள் இருந்தது எங்களுக்குத் தெரியாது.

எங்கள் வீட்டில் ஒரு கதை உண்டு: அப்பப்பா ஐம்பத்தெட்டில் ஸ்ரீ எதிர்ப்புக்குப் போனவர் என்று. அப்பா சொல்வார், சித்தப்பா இன்னும் கூட்டிச் சொல்வார். தகட்டைப் படம் எடுத்து அனுப்பின உடனே சித்தப்பா அழாத குறை. "பாத்தியளே, அப்பாவின்ர கை!"

அப்பம்மாவிடம் காட்டினோம். கண்ணாடியைப் போட்டு வடிவாகப் பார்த்தார்.

"உது அவற்ற கை இல்லை மோனை. வித்தவர்தான் எழுதினவர். பிறகு கந்தோரில வேலை போயிடும் எண்டு பயந்து அவரே மேலால பூசினவர். விக்கேக்க இவரிட்டச் சொல்லியிருக்கிறார், விருப்பமெண்டால் சுரண்டும் எண்டு. இவர் சுரண்டேல்லை."

"அப்ப அப்பப்பா போராட்டத்துக்குப் போகேல்லையோ?"

"ஐம்பத்தெட்டில அவருக்குப் பதினேழு வயசு. தோட்டத்துக்குத் தண்ணி இறைச்சுக்கொண்டு நிண்டவர்."

எங்களுக்கு ஏமாற்றம்தான், மறைக்கத் தேவையில்லை. ஒரு வீரரைத் தேடிப் போனோம். கிடைத்தது, எழுதிவிட்டுப் பயந்த ஒரு கிளாக்கரும், சுரண்டாமல் விட்ட ஒரு தோட்டக்காரரும். ஆனால் அந்தக் கிளாக்கருக்கு மாசச் சம்பளத்தில் எத்தனை வாய் பார்த்துக்கொண்டிருந்தது? அப்பப்பா அந்தத் தகட்டோடு எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் எத்தனை சென்ரி தாண்டினார்? சுரண்டியிருந்தால் எங்களுக்கு நல்ல கதை ஒன்று கிடைத்திருக்கும், அப்பப்பா வீடு வந்து சேர்ந்திருப்பாரா என்பது வேறு விசயம்.

சித்தப்பாவுக்கு அப்பம்மாவே தொலைபேசியில் சொன்னார். இரண்டு கிழமை அவர் கதைக்கவில்லை. பிறகு பச்சை நிறப் பெயின்றுக்குக் காசு அனுப்பினார்.

வண்டிக்குச் சட்டப்படி புதுத் தகடு அடித்துவிட்டோம். பழையதை மேற்கொண்டு தேய்க்கவும் இல்லை, பூசவும் இல்லை; இரண்டு ஸ்ரீயும் ஒன்றுக்குள் ஒன்றாக அப்படியே சுவரில் தொங்குகிறது. கழற்றிய ஹொண்டாக் காபரேற்றர், பித்தளைப் புஷ், றப்பர், சூப்பிப் போத்தல் எல்லாம் அதற்குக் கீழே ஒரு பிஸ்கற் ரின்னுக்குள்.

போன மாதம் சேவல் எட்டாவது உதையில் பிடித்தது. அப்பம்மா வாசலில் கதிரை போட்டு இருந்தார். முற்றத்தை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினோம்.

"நல்லாத்தான் கிடக்கு," என்றார். "மண்ணெண்ணெய் மணக்கேல்லை, அதுதான் ஆற்றையோ வண்டி மாதிரிக் கிடக்கு."