பெரட்டுக்களமும் பயிற்சிக் குறிப்பேடும்

இலங்கையின் ஊவாத் தேயிலைத் தோட்டங்களுக்கு நூறு ஆண்டுகளுக்கு முன் கப்பலேறி வந்த ஆங்கிலேய இளைஞர்களில் பலர் சம்பளத்துக்கு வரவில்லை. பணம் கட்டித் தொழில் பழக வந்தார்கள். தோட்டத்துப் பெரிய துரைக்கு ஒரு தொகையைக் கொடுத்து, அவருடைய பங்களாவிலேயே தங்கி, விடிவதற்கு முன் எழுந்து, தொழிலாளர் கூடும் பெரட்டுக்களத்துக்குப் போய் நிற்பார்கள். ஆள் கணக்கு எடுப்பது, மலைக்கு ஆள் பிரிப்பது, கொழுந்து நிறுப்பது, 'ஸ்டோர்' என்ற தொழிற்சாலையில் தேயிலை அரைப்பது எல்லாவற்றையும் கூடவே இருந்து கற்றார்கள். தோட்டத்துரைமாரின் பேச்சில் இவர்களுக்குக் 'கிரீப்பர்' என்று பெயர். பழகி முடித்தவர் சின்னத்துரை ஆவார். காலம் கனிந்தால் பெரிய துரையும் ஆவார்.

இந்தப் பயிற்சிக்குப் பாடநூலும் இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கொழும்பில் ஃபெர்குசன் குடும்பத்தார் வெளியிட்ட சின்னத்துரைமாருக்கான தமிழ்க் கையேட்டுக்கு 'இங்கே வா!' என்றே தலைப்பு. வேலை வாங்கத் தேவையான தமிழைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போகலாம். ஆனால் கையேட்டில் இல்லாத தமிழையும், எந்தக் கொழுந்தைக் கிள்ளலாம், எதை விட வேண்டும் என்ற அறிவையும் அந்த இளைஞன் பெற்றது கங்காணியிடமும் கணக்கப்பிள்ளையிடமும் மலையில் நின்ற பெண்களிடமும்தான். கட்டணம் துரைக்குப் போனது. பாடம் தொழிலாளியிடமிருந்து வந்தது.

ஊவாவின் தோட்டத் தொழிலே ஒரு தோல்வியிலிருந்து மறுபடி கற்று எழுந்த ஒன்று. இலங்கையின் கோப்பியை அழித்த இலைத்துரு நோய் 1869இல் முதலில் கண்டறியப்பட்டது ஊவாவின் மடுல்சீமையில். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 1867இல், கண்டிக்கு அருகே லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையைப் பயிரிடத் தொடங்கியிருந்தார். கோப்பி சாயச் சாயத் தேயிலை மலையேறியது. 1886இல் ஊவா தனி மாகாணமாகி, பதுளை அதன் தலைநகரானது. 1890இல் இலங்கைக்கு வந்த தாமஸ் லிப்டனின் பெயரை ஹப்புத்தளைக்கு மேலே தம்பேதன்னைத் தொழிற்சாலை இன்றும் சுமக்கிறது.

தேயிலை கோப்பியைப் போன்றதல்ல. கிள்ளிய கொழுந்து அன்றே ஸ்டோருக்குள் போக வேண்டும். அங்கே இயந்திரம் வேண்டும். வில்லியம் ஜாக்சனின் ரோலர்களும், பெல்ஃபாஸ்ட் நகரில் சாமுவேல் டேவிட்சன் செய்த 'சிரோக்கோ' உலர்த்திகளும் மலைநாட்டு ஸ்டோர்களுக்கு வந்து சேர்ந்தன. இயந்திரம் வந்ததும் அதை ஓட்டும் டிரைவரும் பழுது பார்க்கும் ஃபிட்டரும் தேவைப்பட்டார்கள். எந்தப் பள்ளியும் அவர்களை உருவாக்கவில்லை. எண்ணெய் ஊற்றும் பையனாக நுழைந்தவன், பெல்ட் நழுவும் சத்தத்தையும் தாங்கி சூடேறும் வாசனையையும் பழகி, பத்துப் பதினைந்து ஆண்டில் ஸ்டோரின் உயிர்நாடியானான்.

கிரீப்பரும் ஸ்டோர்ப் பையனும் செய்தே கற்றார்கள். முன்னவன் 'பயிற்சியில்' இருந்தான். பின்னவன் வெறுமனே வேலையில் இருந்தான்.

இதே காலத்தில் அமெரிக்காவில் வேலைத்தலத்தைப் பல்கலைக்கழகத்தோடு கட்டும் முயற்சி ஒன்று தொடங்கியது. சின்சினாட்டிப் பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் 1906இல் 27 பொறியியல் மாணவர்களோடு புதிய ஏற்பாடு ஒன்றைச் செய்தார். மாணவர் இரு அணியாகப் பிரிந்தனர். ஓர் அணி வகுப்பில் இருக்கும்போது மற்றது நகரத்துத் தொழிற்சாலைகளில் சம்பளத்துக்கு வேலை செய்யும். பிறகு இடம் மாறும். தொழிற்சாலையில் இருப்பதை எல்லாம் ஒரு கல்லூரி விலைக்கு வாங்கி வைக்க முடியாது, மாணவன்தான் அங்கே போக வேண்டும் என்பது அவர் எண்ணம். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகம் 1957இல் பிறந்தபோதே இம்முறையோடு பிறந்தது. கோயம்புத்தூரில் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி, தன் வளாகத்திலேயே மோட்டாரும் பம்பும் செய்யும் தொழிற்கூடத்தை வைத்துக்கொண்டு, வகுப்பும் பட்டறையும் மாறி மாறி வரும் ஐந்தாண்டு 'சாண்ட்விச்' பொறியியல் பட்டத்தை நடத்தியது.

இலங்கையில் பொறியியல் கல்வியின் வேர் 1893இல் மருதானையில் தொடங்கிய தொழில்நுட்பப் பாடசாலை. 1950இல் இலங்கைப் பல்கலைக்கழகத்துக்குப் பொறியியல் பீடம் வந்தது. 1960களின் நடுவில் அது பேராதனைக்கு இடம் மாறியது. கட்டுபெத்தையில் 1960இல் தொடங்கிய செய்முறைத் தொழில்நுட்ப நிறுவகம் 1966இல் இலங்கைத் தொழில்நுட்பக் கல்லூரியாகி, 1978இல் மொறட்டுவைப் பல்கலைக்கழகமானது. அங்கே நடந்த தேசிய தொழில்நுட்ப டிப்ளோமாவில் இரண்டு ஆண்டு படிப்பு, மூன்றாவது ஆண்டு முழுக்கத் தொழிற்பயிற்சி.

பதுளைக்கு இந்த ஏற்பாடு எதுவும் வருவதற்கு முன்பே ரயில் வந்துவிட்டது. 1894இல் பண்டாரவளையில் நின்ற பாதை, பதுளையைத் தொட 1924 வரை முப்பது ஆண்டு எடுத்தது. இடையில் எல்லவுக்கும் தெமோதரைக்கும் நடுவே உருக்கு இல்லாமல் கல்லாலும் செங்கல்லாலும் சீமெந்தாலும் எழுந்த ஒன்பது வளைவுப் பாலம். தெமோதரையில், ரயில் மலையைச் சுற்றி இறங்கி, தான் கடந்து வந்த நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கத்தில் நுழையும் வளைவு. இன்று சுற்றுலாப் பயணிகள் படம் எடுக்கும் இந்த இரண்டும் பொறியியல் படிப்பவருக்குத் திறந்த வகுப்பறை.

இத்தகைய பயிற்சிக்கான சட்டம் இலங்கையில் 1971இல் வந்தது. அந்த ஏப்ரலில் படித்தும் வேலையற்ற இளைஞரின் கிளர்ச்சி நாட்டை உலுக்கியிருந்தது. அதே ஆண்டு, டட்லி சியர்ஸ் தலைமையில் சர்வதேச தொழில் அமைப்பு அனுப்பிய குழு, இளைஞர் எதிர்பார்க்கும் வேலைக்கும் நாட்டில் இருக்கும் வேலைக்கும் இடையிலுள்ள இடைவெளியை அறிக்கையாக்கியது. 1971ஆம் ஆண்டின் 49ஆம் இலக்கத் தேசிய பயிலுநர் சட்டம் அந்தச் சூழலின் பிள்ளை. இந்தியா 1961இல் இயற்றிய பயிலுநர் சட்டத்தில் பொறியியல் பட்டதாரிகளைச் சேர்த்தது 1973இல்தான். இலங்கையில் அந்த 1971 சட்டத்தின் வழி வந்த பயிலுநர் சபை, 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், இன்று மாணவர் 'நைட்டா' என்று அழைக்கும் அதிகாரசபையானது. பல்கலைக்கழகப் பொறியியல் மாணவருக்கு நிறுவனங்களில் இடம் பெற்றுக்கொடுப்பதும் பயிற்சியைக் கண்காணிப்பதும் அதன் பணிகளில் ஒன்று.

மாணவர் இதை 'டிரெயினிங்' என்றே சொல்வார்கள். பட்டத்துக்கு நடுவே பல மாதம் வகுப்பு இல்லை. ஒருவர் இரத்மலானை ரயில்வே தொழிற்கூடத்துக்கும், இன்னொருவர் மின்சார சபைக்கும், வேறொருவர் வீதி வேலைத்தலத்துக்கும் போவார். கையில் ஒரு குறிப்பேடு. என்ன பார்த்தார், எதைக் கழற்றினார், எங்கே தவறினார் என்று எழுதி, பொறுப்பதிகாரியிடம் கையொப்பம் வாங்க வேண்டும். முடிந்ததும் அறிக்கை, பிறகு நேர்முகத் தேர்வு. மனப்பாடம் செய்து தேறியவர் அந்த நேர்முகத்தில் தடுமாறுவார். பட்டறையில் கைவைத்தவர் நிமிர்ந்து பேசுவார்.

ஆனால் அந்தக் குறிப்பேடு பதுளைத் தோட்டத்து லயக் குடியிருப்புப் பிள்ளையின் கைக்கு வருவதற்குள் பல தடைகளைத் தாண்ட வேண்டியிருந்தது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் ஏறத்தாழ 7 இலட்சம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. நாடற்றவருக்கு அரசாங்க வேலை இல்லை. ரயிலும் மின்சாரமும் பொதுவேலையும் அரசின் கையில் இருந்த நாட்டில், பொறியியலின் பெரும்பகுதிக் கதவு அதனாலேயே மூடிக்கிடந்தது. தோட்டப் பாடசாலைகளை அரசு கையேற்கத் தொடங்கியதே 1977இல்தான். அதுவரை பல பாடசாலைகளில் ஓர் ஆசிரியரும் கீழ் வகுப்புகளும் மட்டுமே. கணிதப் பிரிவில் உயர்தரம் படிக்க, தோட்டத்துப் பிள்ளை நகரத்துக்கு இறங்க வேண்டும். பஸ் காசு வேண்டும். இரவில் படிக்க வெளிச்சம் வேண்டும். 1988, 2003ஆம் ஆண்டுச் சட்டங்கள் குடியுரிமைச் சிக்கலைத் தீர்த்தன. பல்கலைக்கழக அனுமதியில் கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கான ஒதுக்கீட்டுப் பட்டியலில் பதுளையும் இருக்கிறது. கணிதம் கற்பிக்கும் தமிழ் ஆசிரியர் மலைக்கு ஏறி வந்து தங்கினால்தான் அந்த ஒதுக்கீடு தோட்டத்து வாசலுக்கு வரும்.

2005இல் பதுளையிலேயே, பசறை வீதியில், ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் எழுந்தது. உள்ளூர் விளைபொருளுக்குப் பெறுமதி சேர்ப்பது அதன் நோக்கம். தேயிலைத் தொழில்நுட்பத்துக்கு அங்கே தனிப் பட்டம் உண்டு. தொழிற்பயிற்சி பாடத்திட்டத்தின் அங்கம். அதே வீதியில் மேலே போனால் பசறையில் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் ஊவாக் கிளை. சுற்றிலும் தோட்டங்கள்.

ஸ்டோருக்குள் மாணவருக்கு என்ன இருக்கிறது? வாட்டுத் தொட்டியில் பரப்பிய கொழுந்தின் ஈரம், நூற்றுக்கு எழுபத்தைந்துக்கு மேலிருந்து ஐம்பத்தைந்து அளவுக்கு இறங்க வேண்டும். கீழிருந்து வீசும் காற்றின் வேகம், சூடு, வெளி ஈரப்பதம் மூன்றும் சேர்ந்துதான் அதைத் தீர்மானிக்கும். ஜூலை முதல் செப்டெம்பர் வரை ஊவாவில் வறண்ட காற்று வீசும். உலகம் தேடும் ஊவா மணம் கொழுந்தில் ஏறுவது அந்த மாதங்களில்தான். அப்போது மற்ற மாதத்துக் கணக்கு அப்படியே ஒத்துவராது. தேயிலை தயாரிப்பைக் கவனிக்கும் டீமேக்கர் ஒரு பிடி இலையை எடுத்துக் கசக்கி, விரித்துப் பார்த்து, ரோலருக்குப் போகலாமா என்று சொல்லிவிடுவார். காற்றோட்டமும் வெப்பமும் வகுப்பில் படித்த மாணவர், அந்தக் கசக்கலுக்குள் என்ன அளவு இருக்கிறது என்று வெப்பமானியும் தராசும் வைத்துக் கண்டுபிடிக்கலாம். கரண்ட் பில்லைக் குறைக்கலாம், விறகைக் குறைக்கலாம்.

அன்றைய பக்கத்தை எழுதி முடித்ததும் குறிப்பேடு அதிகாரியின் மேசைக்குப் போகிறது. கையொப்பமிட அங்கே ஓர் இடம் உண்டு. கசக்கிக் காட்டிய டீமேக்கருக்கும், தாங்கியின் சத்தத்தைக் கேட்கச் சொல்லிக்கொடுத்த ஃபிட்டருக்கும் பக்கத்திலேயே இன்னொரு கோடு போட இடம் தாராளமாக இருக்கிறது.