ஆதித் திருச்சபையில் உறுப்பினர் பராமரிப்பு

கி.பி. முதல் மூன்று நூற்றாண்டுகளில் உரோமைப் பேரரசில் இருந்த கிறிஸ்தவ சபைகள், தம் நடுவே வாழ்ந்த கைம்பெண்கள், அநாதைகள், நோயாளிகள், சிறைப்பட்டோர், வழிப்போக்கர் ஆகியோரைத் தாங்கச் செய்துகொண்ட ஏற்பாடுகளே ஆதித் திருச்சபையின் உறுப்பினர் பராமரிப்பு எனப்படும். பொதுக் காணிக்கை, பெயர்ப் பட்டியல், அதற்கென அமர்த்தப்பட்ட பொறுப்பாளர், வீடு தேடிச் செல்லும் வழக்கம் ஆகியவற்றால் அது வழிபாட்டுக்கு இணையான சபைக் கடமையாக நடந்துவந்தது.

தொடக்கம்

எருசலேம் சபையில் நாள்தோறும் உணவு பங்கிடப்பட்டது. கிரேக்க மொழி பேசிய யூதக் கைம்பெண்களுக்கு அதில் உரிய கவனிப்பு இல்லை என்று முறையீடு எழுந்ததைத் திருத்தூதர் பணிகள் நூலின் 6ஆம் அதிகாரம் பதிவு செய்கிறது. திருத்தூதர்கள் சபையாரைக் கூட்டி, நற்சான்று பெற்ற எழுவரை அவர்களே தேர்ந்தெடுக்கும்படி செய்தனர். ஸ்தேவான், பிலிப்பு உள்ளிட்ட எழுவரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்ன தரப்பாரிடமே பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது என்று இதற்கு விளக்கம் கூறுவோர் உண்டு. திருத்தொண்டர் பதவியின் பிறப்பை மரபு இந்நிகழ்ச்சியில் காண்கிறது.

உதவி ஊர் எல்லையையும் தாண்டியது. கி.பி. 50களில் பவுல் மக்கதோனியா, அக்காயா முதலிய பகுதிகளில் எருசலேம் ஏழைகளுக்காக நிதி திரட்டினார். வாரத்தின் முதல் நாளில் அவரவர் வருவாய்க்கேற்ப ஒரு தொகையை எடுத்துவைக்குமாறு கொரிந்து சபைக்கு எழுதினார்.

நிதியும் பங்கீடும்

கி.பி. 155 அளவில் உரோமையில் எழுதிய யுஸ்தீன், ஞாயிறு வழிபாட்டின் இறுதியில் வசதியுள்ளோர் விருப்பம்போல் கொடுத்ததைச் சபைத் தலைவரிடம் ஒப்படைத்தனர் என்கிறார். வர இயலாதோருக்குத் திருத்தொண்டர்கள் நற்கருணையை வீட்டுக்கே கொண்டுசென்றனர். படுத்த படுக்கையாய்க் கிடந்தவரும் அன்றைய பந்தியில் பங்குள்ளவரே என்பதை இவ்வழக்கம் உறுதிசெய்தது.

கார்த்தேஜ் நகரத் தெர்த்துல்லியன், கி.பி. 197 அளவில், மாதந்தோறும் கட்டாயமின்றிச் சேர்ந்த நிதியைப் பற்றி எழுதினார். ஏழைகளின் உணவுக்கும் அடக்கத்துக்கும், பெற்றோரற்ற பிள்ளைகளுக்கும், முதுமையால் வீட்டோடு முடங்கியவர்களுக்கும், கப்பல் உடைந்து அனைத்தையும் இழந்தவர்களுக்கும், நம்பிக்கைக்காகச் சுரங்கங்களிலும் தீவுகளிலும் சிறைகளிலும் வாடியவர்களுக்கும் அது செலவானது.

பட்டியலும் பொறுப்பாளரும்

திமொத்தேயுவுக்கு எழுதப்பட்ட முதல் திருமுகம், 60 வயது நிரம்பிய கைம்பெண்களையே பட்டியலில் சேர்க்கச் சொல்கிறது. பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ இருந்தால் முதற்பொறுப்பு அவர்களுடையது. ஆதரவற்றோருக்குச் சபையின் நிதி முழுமையாகக் கிடைக்க வேண்டும் என்பதே நோக்கம். 2ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தியோக்கியா ஆயர் இஞ்ஞாசியார், கைம்பெண்களைக் கைவிடாதிருக்கவும், எல்லாரையும் பெயர் சொல்லித் தேடவும், அடிமைகளை இகழாதிருக்கவும் ஸ்மிர்னா ஆயர் பொலிக்கார்ப்புக்கு அறிவுறுத்தினார்.

3ஆம் நூற்றாண்டுச் சிரியாவில் உருவான ‘திதஸ்காலியா’ என்னும் ஒழுங்கு நூல், பெண் திருத்தொண்டரின் பணியை விவரிக்கிறது. பிற சமயத்தார் வீடுகளில் வாழ்ந்த கிறிஸ்தவப் பெண்களிடம் ஆண்கள் செல்ல இயலாதபோது இவர்களே சென்று, நோயுற்றோரைக் கவனித்தனர். ஏழைகளை ஒடுக்கிச் சேர்த்த பணத்தைக் காணிக்கையாக ஏற்கலாகாது என்றும் அந்நூல் ஆயர்களை எச்சரிக்கிறது.

பணியின் அளவை உரோமை ஆயர் கொர்னேலியு கி.பி. 251 அளவில் எழுதிய கடிதம் காட்டுகிறது. அவருடைய சபையில் 46 மூப்பர்களும் 7 திருத்தொண்டர்களும் இருந்தனர். அது 1,500க்கும் மேற்பட்ட கைம்பெண்களையும் வறியோரையும் பராமரித்தது.

சிறையும் கொள்ளைநோயும்

வெளியாரும் இப்பராமரிப்பைக் கவனித்தனர். 2ஆம் நூற்றாண்டின் கிரேக்க அங்கத எழுத்தாளர் லூசியன், சிறையிலிருந்த பெரெக்ரினு என்னும் கிறிஸ்தவருக்காகக் கைம்பெண்களும் அநாதைகளும் விடியற்காலையிலேயே வாசலில் காத்திருந்ததையும், ஆசியா மாகாண நகரங்களிலிருந்து சபைச் செலவில் ஆட்கள் வந்ததையும் கேலியாக எழுதினார். அந்தக் கேலியே இன்று சிறந்த வரலாற்றுச் சான்றாக நிற்கிறது.

கி.பி. 253 அளவில் நுமிதியாவில் கிறிஸ்தவர்கள் சிறைபிடிக்கப்பட்டபோது, கார்த்தேஜ் ஆயர் சிப்ரியானின் சபை அவர்களை மீட்க 1,00,000 செஸ்தர்சு திரட்டி அனுப்பியது. அக்காலத்தில் பரவிய கொள்ளைநோயில், சொந்தச் சபையாரோடு நின்றுவிடாமல் பகைவருக்கும் நன்மை செய்யுமாறு சிப்ரியான் தூண்டினார். அலெக்சாந்திரியாவில் நோயாளிகளைப் பேணியவர்கள் பலர் தாமும் தொற்றி இறந்தனர் என்று அந்நகர ஆயர் தியோனிசியு எழுதினார்.

வரையறைகள்

‘திதாக்கே’ என்னும் பழமையான கையேடு, வழிப்போக்கரை வரவேற்று இரண்டு அல்லது மூன்று நாள் தங்கவைக்கச் சொல்கிறது. அதற்குமேல் தங்க விரும்புபவர் தம் தொழிலைச் செய்து உண்ண வேண்டும். உதவியை ஏமாற்றுவோரிடமிருந்து காத்தபோதுதான் எளியோரின் பங்கு எளியோருக்குச் சேர்ந்தது.

பிற்காலத் தாக்கம்

ஜெனீவாவில் 1541இல் கால்வின் வகுத்த சபை ஒழுங்கு, ஏழைகளுக்கான நிதியைக் காப்பவர், நோயாளிகளையும் ஏழைகளையும் நேரில் பேணுபவர் எனத் திருத்தொண்டரை இரு வகையாக்கியது. ஜெர்மனியின் கைசர்ஸ்வெர்த்தில் 1836இல் தியோடோர் ஃபிளீட்னர் பெண் திருத்தொண்டர் இல்லத்தைத் தொடங்கினார். கத்தோலிக்கத் திருச்சபையில் நிலையான திருத்தொண்டர் பணிக்கு 1967இல் திருத்தந்தை ஆறாம் பவுல் மீண்டும் வழிவகுத்தார். சபையில் யார் பசித்திருக்கிறார், யார் தனித்திருக்கிறார் என்று பார்ப்பதை ஒருவரின் கடமையாகப் பெயரிட்டு ஒப்படைத்ததே இந்நெடிய மரபு தளராமல் தொடர்ந்ததற்குக் காரணம்.