நாளும் தேதியும்: ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் சான்றுகளை முன்வைத்து

ஒரே தேதியில் நிகழ்ந்தவை என்று வரலாற்று நிகழ்ச்சிகளை அடுக்கும் வழக்கம் நம் நாளிதழ்களில் வேரூன்றிவிட்டது. அந்த அடுக்கில் உள்ளவற்றுக்கிடையே தேதியைத் தவிர வேறு உறவு உண்டா என்று கேட்பவர் குறைவு. எந்தக் கணக்கின்படி அவை ஒரே நாள்? அந்த நாளில் அவற்றைக் கொண்டுவந்து நிறுத்தியது தற்செயலா, மனிதர் எடுத்த முடிவா, சட்டம் விதித்த கெடுவா? இவற்றுக்கு விடை காணாதவரை ஒரே தேதி என்பது வரலாற்றுச் சான்றாகாது என்பது என் வாதம். விருதுநகர் மாவட்டத்தில் பன்னிரண்டு கிலோமீட்டர் இடைவெளிக்குள் அமைந்த இரண்டு ஊர்கள் இதற்குப் போதிய சான்று தருகின்றன.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளின் திருநட்சத்திரம் ஆடிப்பூரம். அன்றுதான் தேர். மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. அந்த ஆடிப்பூரம் 2022இல் ஆகஸ்ட் 1 அன்று வந்தது. 2023இல் ஜூலை 22. 2024இல் ஆகஸ்ட் 7. 2025இல் ஜூலை 28. ஆங்கிலத் தேதியை வைத்துப் பட்டியல் போடுபவருக்கு இவை ஒன்றோடொன்று தொடர்பில்லாத நான்கு நாள்கள். வடம் பிடிக்கும் ஊராருக்கு அது ஒரே நாள். ஊரார் கணக்கு வெறும் நம்பிக்கை சார்ந்தது என்று ஒதுக்கிவிட முடியாது. ஆடியில் சூரியன் கடகத்தில் நிற்கிறது. பூரம் சிம்ம ராசிக்குரிய நட்சத்திரம். ஆகவே ஆடிப்பூரத்தன்று சந்திரன் சூரியனை விட்டுச் சற்றே விலகியிருக்கும். அமாவாசை கழிந்து சில நாளே ஆன பிறைதான் மாலையில் மேற்கே தெரியும். எந்த ஆண்டானாலும் வானம் அன்று இந்தக் கோலத்தில்தான் இருக்கும். ஜூலை 28 என்ற தேதிக்கு வானத்துச் சந்திரனோடு இப்படி ஓர் ஒப்பந்தம் கிடையாது.

நாளை இத்தனை துல்லியமாகக் காத்த மரபு, ஆண்டை அவ்வாறு காக்கவில்லை. குருபரம்பரை வழக்கு ஆண்டாளின் பிறப்பைக் கலியுகம் 98ஆம் ஆண்டில் வைக்கிறது. அது கிறிஸ்து பிறப்புக்கு மூவாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட காலம். பாசுரங்களின் மொழி அதற்கு இடம் தராது. இந்த இடைவெளியை நிரப்பப் புகுந்தவர் தமிழறிஞர் மு. இராகவையங்கார். மார்கழிப் பௌர்ணமியையும், விடியலில் வெள்ளி எழ வியாழன் மறைவதையும் ஆண்டாளின் திருப்பாவை குறிப்பதைக் கொண்டு, ‘ஆழ்வார்கள் காலநிலை’ என்ற தம் நூலில் கி.பி. 731 டிசம்பர் 18 என்ற நாளுக்கு அவர் வந்துசேர்ந்தார். ஒன்பதாம் நூற்றாண்டுத் தேதிகளை முன்வைத்தோரும் உண்டு. வெள்ளி எழ வியாழன் மறையும் காட்சி பலமுறை நேர்வது. அதனால் அது ஆண்டுகள் சிலவற்றை விலக்க உதவுமேயன்றி, ஒன்றை மட்டும் தேர்ந்து தராது என்றே கருதுகிறேன்.

இராகவையங்காரின் முடிவை ஏற்போரும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த டிசம்பர் 18 ஜூலியன் நாட்காட்டிக்குரியது. இன்று மார்கழி டிசம்பர் நடுவில் பிறக்கிறது. எட்டாம் நூற்றாண்டில் அந்தக் கணக்கின்படி நவம்பர் பிற்பகுதியிலேயே பிறந்துவிடும். அன்றைய டிசம்பர் 18 மார்கழியின் கடைசி வாரம், இன்றைய டிசம்பர் 18 மார்கழியின் தொடக்கம். ‘இதே நாளில் திருப்பாவை’ என்று இன்றைய டிசம்பர் 18இல் ஒருவர் எழுதினால், எண் ஒன்றாக இருக்கும், நாள் வேறாகிவிடும்.

பக்கத்துச் சிவகாசியில் அச்சாகும் தினசரி காலண்டரின் தாள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நடுவில் பெரிய எழுத்தில் ஆங்கிலத் தேதி. அதைச் சுற்றித் தமிழ் ஆண்டும் மாதமும் தேதியும், திதி, நட்சத்திரம், ராகு காலம், எமகண்டம், சூலம், சந்திராஷ்டமம். பலவற்றில் ஹிஜ்ரி தேதியும் இருக்கும். அடுத்த ஆண்டு அதே ஆங்கிலத் தேதியில் இவற்றில் எவை திரும்பும்? தமிழ்த் தேதி ஒரு நாள் முன்பின்னாகத் திரும்பும். திதி திரும்ப ஏறத்தாழ பத்தொன்பது ஆண்டுகள் ஆகும். ஹிஜ்ரி தேதி ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் பின்னோக்கி நகரும். ஒரு தாளில் அடங்கியிருப்பவை தனித்தனி வேகத்தில் நடக்கும் பல காலங்கள். இதைத் தினமும் கிழிக்கும் சமூகம், வரலாறு எழுதும்போது நடுவிலுள்ள பெரிய எண்ணை மட்டும் பார்ப்பது வருத்தத்துக்குரியது.

அரசியல் வரலாற்றுக்கு வருவோம். இங்கே தேதிகள் ஐயமற்றவை. அவற்றின் உறவுதான் ஆராய வேண்டியது. ராஜபாளையத்துப் பூ. சு. குமாரசாமி ராஜா 1949 ஏப்ரல் 6இல் சென்னை மாகாணப் பிரதமரானார். 1950 ஜனவரி 26இல் மாகாணம் மாநிலமானபோது, அதே நாற்காலியில் இருந்தபடி முதலமைச்சரானார். தம் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்கு எழுதிவைத்த அந்தக் காந்தியவாதியின் பொதுவாழ்வில் இந்த இரண்டு தேதிகளும் வேறு வேறு தன்மையுடையவை.

ஜனவரி 26 தேர்ந்தெடுக்கப்பட்ட நாள். 1929 டிசம்பரில் லாகூர் காங்கிரஸ் முழு விடுதலையைக் குறிக்கோளாக ஏற்றது. 1930 ஜனவரி 26 நாடெங்கும் விடுதலை நாளாகக் கொண்டாடப்பட்டது. அந்த நினைவைக் காக்கவே, 1949 நவம்பர் 26இல் ஏற்கப்பட்ட அரசியல் சட்டம், சில பிரிவுகள் நீங்கலாக, இரண்டு மாதம் காத்திருந்து நடைமுறைக்கு வந்தது. கதை அதோடு முடியவில்லை. சட்டத்தின் 343ஆம் பிரிவு, ஆங்கிலம் ஆட்சிப் பணிகளில் தொடரப் பதினைந்து ஆண்டு கெடு விதித்தது. கெடு தீர்ந்த நாள் 1965 ஜனவரி 26. அந்த நாளைத் திராவிட முன்னேற்றக் கழகம் துக்க நாளாக அறிவித்தது. மாணவரின் இந்தி எதிர்ப்புப் போராட்டம் முந்தின நாளே மதுரையில் மோதலாக வெடித்திருந்தது. 26ஆம் தேதி கோடம்பாக்கம் சிவலிங்கம் தீக்குளித்து மாண்டார். 1930, 1950, 1965 ஆகிய மூன்றும் ஒன்றிலிருந்து ஒன்று பிறந்தவை. லாகூரில் வேறொரு நாளைக் குறித்திருந்தால் தமிழகத்தின் துக்க நாளும் வேறாகியிருக்கும். இந்தக் கண்ணியை விளக்காமல், குடியரசு நாளின் பெருமையை மட்டும் சொல்லி 1965ஐ அடுத்த வரியில் வைப்பது, அன்று உயிர் கொடுத்தவர்களுக்கும் நியாயம் செய்வதாகாது. 2001 ஜனவரி 26 குஜராத் நிலநடுக்கமோ முற்றிலும் தற்செயல். பூமிக்குக் காலண்டர் தெரியாது.

ஏப்ரல் 6 வேறு வகை. 1919இல் ரௌலட் சட்டத்தை எதிர்த்துக் கடையடைப்பு நடந்த நாள் அது. அன்று முதல் ஜாலியன்வாலாபாக் படுகொலை நடந்த 13ஆம் தேதி வரையிலான காலத்தைத் தேசிய வாரமாகக் காங்கிரஸார் கடைப்பிடித்தனர். 1930இல் காந்தி ஏப்ரல் 5 அன்றே தண்டிக்கு வந்துவிட்டார். மறுநாள் காலைதான் உப்பை எடுத்தார். இது தேர்வு. 1949இல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் பதவி விலகிக் குமாரசாமி ராஜா வந்தது கட்சிக்குள் நடந்த தலைமை மாற்றத்தின் விளைவு. காந்தியவாதி ஒருவர் உப்பு எடுத்த நாளில் பதவியேற்றார் என்பது மனத்துக்கு நிறைவு தரும் பொருத்தம். அந்தப் பொருத்தத்தைக் காரணமாக்கி எழுதக் கூடாது.

தேர்வும் வான்கணக்கும் ஒன்றாகச் சேர்ந்த நாள் ஏப்ரல் 13. 1919இல் அமிர்தசரஸில் மக்கள் திரண்டிருந்தது பைசாகித் திருநாளில். 1930இல் ராஜாஜி உப்பெடுக்கத் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்குப் புறப்பட்டதும் ஏப்ரல் 13. அது தமிழ்ப் புத்தாண்டு. பைசாகியும் சித்திரை முதல் நாளும் சூரியன் மேஷத்தில் புகுவதைக் கொண்டு கணிக்கப்படுபவை. ஆகவே அந்தப் படுகொலையின் நினைவும் நம் ஆண்டுப் பிறப்பும் ஒரே நாளில் நின்றதற்கு வானமே காரணம். ஆனால் மேஷ சங்கராந்தி ஆங்கிலத் தேதியில் அறுபது எழுபது ஆண்டுக்கு ஒரு நாள் என்ற அளவில் பின்தள்ளிப் போகிறது. இப்போது புத்தாண்டு பெரும்பாலும் ஏப்ரல் 14. படுகொலை நினைவு 13இலேயே நிற்கிறது. ராஜாஜியின் காலத்தில் ஒன்றாயிருந்த நாள் நம் காலத்தில் இரண்டாகிவிட்டது.

வட்டார வரலாறு எழுதுவோர் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஆங்கிலத் தேதியோடு தமிழ்த் தேதி, திதி, நட்சத்திரம், கிழமை நான்கையும் குறிக்க வேண்டும். நம் கல்வெட்டுகள் பல, அரசன் ஆண்டோடு இவற்றையும் பொறித்ததால்தான் எல். டி. சாமிக்கண்ணுப் பிள்ளையின் பஞ்சாங்க அட்டவணைகளைக் கொண்டு அவற்றின் காலத்தைக் கணிக்க முடிகிறது. நாளைத் தேர்ந்தவர் யார் என்பதற்குச் சான்று இருந்தால் அதையும் அருகே எழுதலாம். இல்லாத இடத்தில் அந்தக் கட்டம் வெறுமையாகவே இருக்கட்டும்.